ஐபி முகவரிக்கு ஒரு முக்காடு

முகவரியை மறைப்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவார்கள். ஆனால் இணையத்தில் தங்கள் ஐபி முகவரி யார் கண்ணிலாவது பட்டால் குடி முழுகிவிடும் என்று நம்பி, மடிக்கணினியின் கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டி, வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் வி.பி.என். செயலியைப் போட்டு, அதற்கும் ஒரு கடவுச்சொல் வைத்து, இத்தனை ரகசியமாக இருப்பதை முடிவெட்டுபவர் முதல் மாமனார் வரை எல்லோரிடமும் சொல்லி வைப்பார்கள். ரகசியம் என்றால் சும்மாவா?

என் அத்தான் இந்த இனத்தில் அசல்.

அக்கா வேலை தேடித் தேடி அலுத்து, ஒருவழியாக வீடியோ நேர்காணல் வரை வந்திருந்தாள். நேரத்துக்கு உட்கார்ந்தால் திரை சொல்கிறது: ‘உங்கள் நாட்டிலிருந்து இதில் சேர முடியாது.’

“நாம இப்ப எந்த நாட்டுலங்க இருக்கோம்?”

“அதை வெளிய சொல்லக்கூடாது.”

“நான் உங்க பொண்டாட்டி! முதல்ல அதை அணைங்க!”

அணைக்கக் கடவுச்சொல் வேண்டும். எவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி வைத்தது, அவராலும் முடியவில்லை. அந்தச் செயலியின் உதவி எண்ணை அழைக்கப் பார்த்தார். உள்ளே சிக்னல் இல்லை. பால்கனிக்குப் போய், ஸ்பீக்கரைப் போட்டு, முழுப்பெயர், பிறந்த தேதி, கதவு எண், கைபேசி எண் என்று தெருவுக்கே கேட்கும்படி ஒப்பித்தார்.

மறுமுனையில் இருந்த பெண் கேட்டாள்: “உங்க ரகசியக் கேள்வி சார். சின்ன வயசுல உங்களை வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?”

“ராஜா!”

“தப்பு சார். இன்னும் ஒரு தடவைதான் சொல்லலாம்.”

“நேரமாச்சுங்க! அவங்க போயிடப் போறாங்க!” என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். அத்தான் தன் செல்லப்பெயர்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பல் டாக்டர் பொறுமை இழந்தார்.

“சார், ‘பூசணிக்கா’ன்னு சொல்லுங்க! போன தடவையும் அதைத்தானே கத்துனீங்க!”

சரியான விடை. வி.பி.என். அணைந்தது. அக்கா நேர்காணலில் சேர்ந்தாள், வேலையும் கிடைத்தது.

அத்தானுக்குத்தான் நிம்மதி போய்விட்டது. “அந்த டாக்டருக்கு எப்படித் தெரிஞ்சுது? ஹேக்கரா இருப்பாரோ?” என்று அக்காவிடம் கேட்டார். பால்கனியில் நின்றுதான்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். நல்லது. இருந்தாலும், உங்கள் ஐபி முகவரி வெளியே தெரிகிறதா என்று பார்க்க இப்போதே கை பரபரக்குமே? பாருங்கள். தெரிந்தால், அதைப் படம் பிடித்து, ‘இது எல்லாருக்கும் தெரியுதா?’ என்று குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் மட்டும் சற்று யோசியுங்கள்.