ஒரு சொட்டு அண்ணாச்சி

ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட அத்தனை பிள்ளைகளையும் ஒருமுறையாவது அழவைத்த மனிதர் ஒருவர்தான்: ஒரு சொட்டு அண்ணாச்சி.

தொண்ணூறுகளின் நடுவில் அவரும் நானும் ஒரு வயிற்றுநோய் ஆய்வில் வேலை பார்த்தோம். பிள்ளையின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஒற்றுத்தாளில் எடுப்பது அவர் வேலை. தாளில் பெயர் எழுதுவது என் வேலை. காய்ந்த தாள்கள் திருநெல்வேலி ஆய்வகத்துக்குப் போகும். கிருமியை எதிர்க்க உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை வைத்து, எந்தக் கிருமி குடலுக்குள் வந்துபோனது என்று அங்கே சொல்லிவிடுவார்கள்.

ஊசியைக் கண்டதும் தாய்மார்கள் கதவைச் சாத்துவார்கள். "ஒரு சொட்டு தாயி, ஒரே சொட்டு!" என்று கெஞ்சிக் கெஞ்சியே அந்தப் பெயர் வந்தது. அப்படியும் நம்பாவிட்டால் வேறொரு ஊசியால் தன் விரலைக் குத்திக் காட்டுவார். இடதுகை விரல்கள் தீர்ந்ததும் வலதுகைக்கு வருவார். மத்தியானம் சாப்பிடும்போது குத்திய விரலில் ரசம் பட்டதும் துள்ளுவார்.

"கரண்டி வச்சுச் சாப்பிடுங்க அண்ணாச்சி."

"கரண்டியால தின்னா, சோறு வருதுன்னு வயித்துக்கு எப்படிவே தெரியும்?"

ஒருமுறை ஒரே தெருவில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளின் ரத்தத்திலும், முன்பு இல்லாத எதிர்ப்புப் பொருள் தெரிந்தது. அண்ணாச்சி நேரே ஊராட்சித் தலைவர் வீட்டுக்குப் போனார்.

"குழாய்த் தண்ணியில சாக்கடை கலக்குதுவே. தோண்டிப் பாரும்."

"எந்தப் பிள்ளைக்குவே வயித்தால போகுது? எல்லாம் குதிச்சுல்லா விளையாடுது!"

"கிருமி உள்ள வந்துட்டுப் போயிருக்குன்னு ரத்தம் சொல்லுது. நாளைக்கு ஒரு நோஞ்சான் பிள்ளைக்கு வந்தா தாங்குமா?"

"உம்ம தாளு சொல்லுதுன்னு ரோட்டைத் தோண்டச் சொல்லுதீரா?"

"அப்ப உம்ம பேத்தி ரத்தத்தையும் பாத்துருவோம்."

தலைவர் வாயைத் திறக்குமுன் அவர் மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "எடுங்க அண்ணாச்சி."

பத்து நாளில் முடிவு வந்தது. பேத்திக்கும் அதே கதை! மறுநாள் காலையில் தலைவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையோடு ஆட்களை நிறுத்தினார். மூன்றடி ஆழத்தில், உடைந்த குழாய் சாக்கடைக்குள் முங்கிக் கிடந்தது.

தெருவே கைதட்டியது. அண்ணாச்சி மட்டும் குழியோரம் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, நல்ல காரியம்தான நடந்துருக்கு?"

"எங்க தெருவுலயும் இப்படி ஒரு குழாய் கிடந்துருக்கும்வே. என் மூத்தவ ரெண்டு வயசுல வயித்தால போயே போயிட்டா. அன்னைக்கு யாரும் தோண்டிப் பாக்கல."

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று அடுத்த வீட்டுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனோம்.