சிவப்புத் துணி கட்டிய பதிவேடு

"சாரே, அந்தப் பதிவேடு..."

"சேச்சி, உட்காருங்க. நான் பார்த்துக்கறேன்."

சௌதாமினி பெஞ்சில் உட்கார்ந்தார். வீடு கட்டும் அரசு உதவிக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. வில்லேஜ் ஆபீசர் கையெழுத்திட்ட நிலச் சான்று ஒன்றுதான் பாக்கி. ஒழுகும் கூரைக்குக் கீழே மூன்று மழைக்காலம் போயிருந்தது.

வில்லேஜ் ஆபீசர் பிரதாபன் அந்தக் கேரள மலையோர ஊருக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. பழைய சர்வே எண்ணுக்குப் புதிய எண் எது என்று எழுதிவைத்த பதிவேடு எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. தெரிந்த ஊழியர்கள், எழுத்தர் உஷாகுமாரி உள்பட மூவரும் மாவட்டத் தலைநகரில் இருந்தார்கள். தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அங்கே இரண்டு நாள் வகுப்பு.

போன் போட்டார்.

"உஷாகுமாரியைக் கூப்பிடுங்க. அவசரம்."

"வகுப்பு நடுவுல எழுப்பக் கூடாது சாரே. அஞ்சரைக்குப் பேசுங்க."

முந்தைய ஆபீசர் விட்டுப்போன குறிப்பைப் பிரித்தார். ஒரே வரி: 'எல்லாம் வழக்கப்படி.' காசர்கோட்டுக்கு மாற்றலாகிப் போயிருந்த அவரையே போனில் பிடித்தார்.

"வழக்கம்னா என்ன சாரே?"

"நாலு மாசம்தானே அங்க இருந்தேன்! கிளம்புற அன்னிக்கு யாரோ காட்டினாங்க. மறந்தாச்சு."

பிரதாபன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அலமாரிகளைக் காலி செய்தார். நாலு மணிக்கு, அதுவரை வரிசையாக இருந்த கட்டுகளெல்லாம் தரையில் கலந்து கிடந்தன.

"சாரே..."

"உட்காருங்கன்னு சொன்னேன்ல!"

"உட்கார்ந்து உட்கார்ந்து பெஞ்சே தேஞ்சுபோச்சு. உங்க வலது காலுக்குக் கீழ பாருங்க. சிவப்புத் துணி கட்டினது. நாற்பத்தோராம் பக்கம்."

காலை எடுத்தார். பிரித்தார். இருந்தது.

"இனி?" என்றார், குரல் தணிந்து.

"வரைபடத்தோட ஒத்துப் பாருங்க. அப்புறம் வட்ட முத்திரை. நீள முத்திரை போட்டா தாலுகாவுல திருப்பி அனுப்பிடுவாங்க."

அவர் சொல்லச் சொல்ல ஆபீசர் எழுதினார். நாலரைக்குச் சான்று தயார். கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சேச்சி இங்க வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்களா?"

"இல்ல சாரே. உங்களுக்கு முன்னாடி இருந்த மூணு ஆபீசருக்கும் நான்தான் கத்துக்கொடுத்தேன். கத்து முடிச்சுக் கையெழுத்துப் போடறதுக்குள்ள ஒவ்வொருத்தருக்கும் தபால்ல மாத்தல் உத்தரவு வந்துருச்சு. சீக்கிரம் போடுங்க, தபால்காரர் படியேறிட்டாரு."