மாட்டாத கம்பியும் மாட்டிக்கொள்ளாத நானும்

அமராவதிபுதூர்,
திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு.

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, ஓசூரில் இருக்கும் தாய்மாமன் அருள்பாண்டி அவர்களுக்கு அக்காள் மகள் சத்தியப்பிரியா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்கா நலம், அவர்கள் வீட்டு ஆடும் நலம். அம்மாவும் அப்பாவும் நலமா என்று கேட்பீர்கள். அதை அவர்களிடம் கேட்டால் ஒருவரைப் பற்றி மற்றவர் "எனக்கென்ன தெரியும்" என்கிறார்கள். எனவே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், தங்கள் விருப்பம்போல் நிரப்பிக்கொள்ளவும். அங்கே அத்தையும் தம்பியும் சுகமாக இருக்க நம்ம அய்யனாரை வேண்டுகிறேன்.

கைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிக்க வேண்டாம். தாத்தாவின் காரியம் முடிந்த அன்று நீங்கள் 'நம்ம குடும்பம்' குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டதாகக் கைபேசி ஒரே வரியில் சொன்னது. அதற்குப் பிறகு நான் அனுப்பியதற்கெல்லாம் நீல டிக் விழுந்ததோடு சரி. கடிதத்துக்கு நீல டிக் கிடையாது. உறையைக் கிழித்தே தீரவேண்டும், கிழித்த பிறகு படிக்காமல் இருக்க உங்களுக்கு மனசு வராது. போன பொங்கலுக்கு உங்கள் வண்டி ஹாரனை ஆடு கத்துவது மாதிரி மாற்றிய பெண்தானே, இதிலும் ஏதாவது விளையாட்டு இருக்கும் என்று சந்தேகம் வரலாம். வேண்டாம் மாமா. பேரில் மட்டும் சத்தியம் இருக்கிறது என்று நீங்கள் என்னைக் கேலி செய்வீர்கள். இந்தக் கடிதத்தில் கொஞ்சம் உள்ளேயும் இருக்கிறது.

அப்பாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடிக் கடையிலிருந்து ஊர் ஊராகப் போய் மோட்டார் மாட்டிக் கொடுக்கிற மனுஷர், சொந்த வீட்டு வேலை என்றால் "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்பார். எங்கள் வீட்டுக் கொசுவலைக் கதவுக்கு ஒரு பக்கம்தான் வலை. இன்னொரு பக்கம் கொசுக்களின் வசதிக்கு. அடுப்படியில் மின்விசிறி வைக்க அவர் போட்ட ஓட்டையை மூன்று வருஷத்து நாட்காட்டி அட்டைகள் மறைக்கின்றன. அதில் எந்த அட்டையிலும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அந்த வரிசையில்தான் தாத்தாவுக்காக வாங்கிய கைப்பிடிக் கம்பியும் சேர்ந்தது. கொல்லைக் குளியலறைக்கு இறங்குகிற படியில் தாத்தா தடுமாறுகிறார், பக்கத்துச் சுவரில் ஒரு பிடி வேண்டும் என்று அம்மா சொன்னதும் அப்பா அன்றைக்கே வாங்கி வந்தார். வாங்குவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. உறைகூடப் பிரிக்காமல் அது கட்டிலுக்கு அடியில் எட்டு மாதம் கிடந்தது. பிறகு ஒரு காலையில் தாத்தா அந்தப் படியில் விழுந்தார். இடுப்பு எலும்பு, மதுரை, ஆஸ்பத்திரி. திரும்பி வரும்போது நம்மோடு பேசிக்கொண்டு வரவில்லை.

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நீங்கள் அப்பாவைப் பார்த்து, "ஒரு கம்பி மாட்ட வக்கில்லாத ஆளு, இவரை நம்பி எங்கப்பன விட்டேனே" என்றீர்கள். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் நிறுத்தியதுதான், இன்றுவரை அப்பாவிடம் ஒரு சொல் பேசவில்லை. கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்கள், குளியல் முற்றத்துக்கு மாறியது.

வீட்டில் தபால் இலாகா நான்தான். "உங்கப்பாட்ட சொல்லுடி, சோறு ஆறுதுன்னு." "உங்கம்மாட்டச் சொல்லு, எனக்குப் பசிக்கலைன்னு." இரண்டு பேரும் ஒரே அறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், நடுவில் நான் நின்று இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை திரும்புவேன். மேசை விசிறிக்கும் எனக்கும் வித்தியாசம் அது காற்று கொடுக்கும் என்பதுதான். வெறும் தபால்காரியாக இருக்க எனக்கு வராதே. கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு சேர்த்தேன். அம்மா "சோறு ஆறுது" என்றால், "அம்மா ஒங்களுக்காகச் சாப்பிடாம இருக்காகப்பா" என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா "உப்பில்ல" என்றால், "கொழம்பு அருமையாம்மா" என்றேன். அம்மா அடுத்த நாளும் உப்பில்லாமலேயே வைத்தார்கள். அப்பாவின் இரத்தக்கொதிப்பு இறங்கியது. பலன் அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர்கள் கல்யாண நாள் நெருங்கியது. அப்பாவிடம் போய், "அம்மாவுக்குக் கொடைக்கானல் போகணுமாம், ஒங்ககிட்டக் கேக்கத் தயங்குறாக" என்றேன். அம்மாவிடம் போய், "அப்பா கொடைக்கானலுக்கு ரூம் போட்டுட்டாரு, நீங்க வருவீகளோ மாட்டீகளோன்னு மொகமே வாடிப்போச்சு" என்றேன். இதில் என் கெட்டிக்காரத்தனத்தைக் கவனியுங்கள் மாமா. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாதவரை என் பொய்க்கு ஆபத்தில்லை. பேசிவிட்டால் அடுத்த நிமிஷம் மாட்டிக்கொள்வேன். நான் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் திட்டமே. வாழ்க்கையில் முதல்முறையாகத் திட்டு வாங்குவதற்காக ஒரு திருட்டுத்தனம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பினார்கள். பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் பையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். என் இடத்தில் பை. எனக்குத் துணைக்குப் புஷ்பவள்ளி அக்கா. சனிக்கிழமை காலை அம்மாவிடமிருந்து அழைப்பு. நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து எடுத்தேன்.

"ஏட்டி, உங்கப்பாட்ட சொல்லு, சன்னலைச் சாத்தச் சொல்லி. குளிர் தாங்கல."

"அப்பா எங்கம்மா இருக்காக?"

"இந்தா, எதுத்தாப்புல உக்காந்திருக்காக."

மலைமேல் ஒரே அறையில் இருக்கிற இரண்டு பேருக்கு நான் அமராவதிபுதூரிலிருந்து தபால் சேவை நடத்தினேன். அப்பாவை அழைத்துச் சன்னலைச் சாத்தச் சொன்னேன். அப்பா, "காத்தோட்டம் வேணாமான்னு கேளு" என்றார். மூன்றாவது தடவைக்குப் பிறகு கைபேசியை அணைத்துவிட்டேன், வேறு வழி இல்லாமல் பேசிக்கொள்வார்கள் என்று. அவர்களா? காபி கொண்டுவந்த அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பாவம் இரண்டு சுற்றுச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், மேடத்துக்குக் காது கேக்காதா?" என்று கேட்டாராம். மிதிபடகில் ஏறி இருவரும் ஆளுக்கொரு பக்கம் மிதித்ததில் அது நின்ற இடத்திலேயே சுற்றியதாம். சாயங்காலம் கைபேசியைத் திறந்தால் இரண்டு படங்கள் வந்திருந்தன. அம்மா ஏரியை எடுத்திருந்தார்கள், ஓரத்தில் அப்பாவின் முழங்கை. அப்பாவும் அதே ஏரியை எடுத்திருந்தார், ஓரத்தில் அம்மாவின் கம்பளி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் தண்ணீர்தான் இருந்தது.

இதற்கிடையில் இங்குட்டு நான் சும்மா இருக்கவில்லை. அம்மா புறப்படும்போது புடவை மாற்றியதில் சாவி வீட்டிலேயே தங்கிவிட்டது. மாட்டாத அந்தக் கம்பிதான் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறது, அதைச் சுவரில் மாட்டிவிட்டால் நடுவிலிருந்து போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. பதினொன்றாம் வகுப்பு மூளைக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. அப்பாவின் துளை போடும் மெஷினை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். முதல் துளை கீழே, சுவருக்குள் இருந்த குழாய்மேல். மாமா, கொடைக்கானலில் அருவி பார்க்கப் போனவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். புஷ்பவள்ளி அக்கா குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "அடியே, வால்வை அடைடி, வால்வை அடை" என்று கத்த, எது வால்வு என்று தெரியாமல் நான் எல்லாவற்றையும் திருக, தெருக்குழாயும் நின்று, எதிர்வீட்டு வீரபாண்டியன் சித்தப்பா தலையில் சோப்போடு வந்து நின்றார். ஓட்டையை அடைக்க ஒரு பகல் போனது. அந்தச் சுவரில் நடுவாக அப்பா பென்சிலால் இரண்டு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். வீட்டுச் சுவர் முழுக்க அவர் நம்பரும் கணக்கும் கிறுக்குவது வழக்கம்தானே என்று நான் கண்டுகொள்ளவில்லை. என் கைக்குத் தோதான உயரத்தில், அந்தக் கிறுக்கலுக்கு மேலே, கம்பியை மாட்டினேன். கொஞ்சம் கோணல். ஆனால் தொங்கிப் பார்த்தேன், தாங்கியது.

நேற்று மத்தியானம் திரும்பி வந்தார்கள். பை முதலில் இறங்கியது, பிறகு அம்மா, பிறகு அப்பா. முகத்தைப் பார்த்தேன், எனக்குத் திட்டு கிடைக்கும் அறிகுறி எதுவும் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து அம்மா உள்ளே போனார்கள். கம்பியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். கதவைச் சாத்திவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள், ராத்திரி சாப்பிடவில்லை. பிறகு அப்பா போய்ப் பார்த்தார். வெகுநேரம் நின்றார். வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்பதையும் மறந்து, பூட்டியிருக்கிற கடைக்குப் போய்விட்டார். நான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். தாத்தா இருந்திருந்தால் "என்னாடி வாலு, வாலைச் சுருட்டிக்கிட்ட?" என்று கேட்டிருப்பார். யாரும் கேட்கவில்லை.

ஆகவே மாமா, நான் தோற்றுப்போனேன். அடுத்த மாதம் தாத்தாவுக்கு வருஷத் திதி வருகிறது. தன் தம்பி நீங்கள் வந்து முன்னால் நின்று செய்வீர்கள் என்று அம்மா எதிர்பார்க்கிறார்கள், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் நீங்கள் வர வேண்டாம். பேசாமல் இருக்கிற வீட்டில் இன்னும் ஒருவர் பேசாமல் வந்து உட்கார்ந்தால் என்னால் தாங்க முடியாது, மூன்று பேருக்குத் தபால் கொடுக்க எனக்குக் கால் இல்லை. ஓசூரிலேயே கொடுத்துவிடுங்கள். தாத்தாவுக்கு எந்த ஊர்ச் சோறாக இருந்தாலும் ஈரல் இருந்தால் போதும். (திதிக்கு ஈரல் வைக்கக்கூடாது என்று எனக்கும் தெரியும்.)

அத்தைக்கு என் வணக்கம், தம்பிக்கு என் குட்டு ஒன்று. உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்ளும்,
சத்தியப்பிரியா.

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். அதனால்தான் ஓரம் கசங்கியிருக்கிறது. மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை அடித்துவிடவும்.

ஒட்டி முடித்து எழுந்தால் கொல்லைக் கதவு திறக்கிற சத்தம். அம்மா படியில் நின்று கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள். "ஒசரமா மாட்டிட்டியே. எங்கப்பாவுக்கு எட்டாதேடி" என்றார்கள். தாத்தா இன்றைக்குச் சாயங்காலம் குளிக்கப் போகிற மாதிரி.  அப்போதுதான் அவர்கள் கண் கீழே இருந்த பெருக்கல் குறிகளில் விழுந்தது. அப்பா கடையிலிருந்து வந்து அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு போட்டது?"

வழக்கம்போல நான் திரும்பி, "அப்பா, அம்மா கேக்குறாக..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இருடி. நான் அவுகளக் கேக்குறேன்."

 அப்பா டம்ளரோடு வந்து கொல்லை வாசற்படியில் நின்றார். 

"உங்கப்பா விழுறதுக்கு மொத நாளு, சனிக்கிழமை சாயந்தரம் போட்டேன். மாமாவ இந்தப் படியில நிக்கவச்சு, கையத் தூக்கச் சொல்லி அளந்தேன். 'இன்னுங் கொஞ்சம் கீழ மாப்ள'ன்னாரு. விடிஞ்சதும் கறி வாங்கியாந்துட்டு மாட்டிருவோம்னேன். கறிக்கடையில நிக்கிறப்பத்தான் ஃபோனு வந்துச்சு."

"இத ஏன் இம்புட்டு நாளாச் சொல்லல?"

"சொன்னா தப்பு இல்லேன்னு ஆயிருமா? எட்டு மாசம் கட்டிலுக்கடியில கெடந்துச்சுல்ல, யோகு."

அம்மா படியிலேயே உட்கார்ந்து அழுதார்கள். தாத்தா போன அன்றைக்கு அழாத அழுகை. அப்பா கையிலிருந்த டம்ளரை நீட்டினார். என் கையில் கொடுக்கவில்லை, அம்மா கையில். அம்மா குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சும்மாவே குளிர் ஆகாது. என்னத்துக்குக் கொடைக்கானலுக்கு ரூம் போட்டீக?" என்றார்கள்.

"நீதான போகணும்னு கேட்ட?"

"நானா?"

இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். "ஏய் சத்தியப்பிரியா!" என்றார்கள், ஒரே குரலில். வலது காது அம்மாவுக்கு, இடது காது அப்பாவுக்கு. இன்னும் எரிகிறது. இப்படி ஒரு திட்டு நான் பிறந்ததிலிருந்து வாங்கியதில்லை மாமா.

"வர்ற ஞாயித்துக்கிழமை அதக் கழட்டி, குறி போட்ட எடத்துல மாட்டிருவோம்" என்றார் அப்பா.

"இன்னைக்கு" என்றார்கள் அம்மா.

இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அளவு சரியா என்று பார்க்க அம்மா அந்தப் படியில் தாத்தா மாதிரி முதுகை வளைத்து நின்று கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரையே பார்த்துத் துளை போடுகிறார். அதைப் பிடித்து இறங்க இனி இந்த வீட்டில் யாரும் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

திதிக்கு வாருங்கள் மாமா. வந்தால் கொல்லைப்பக்கம் போவீர்கள். படி கொஞ்சம் வழுக்கும், கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.