பொத்தானிடம் மட்டும் சொல்லுவேன்

துணி துவைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் நாலு வயது மகள். உள்ளே நுரைக்கு நடுவில் ஒரு சாம்பல் நிற சாக்ஸ் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தது. அது வெளியே வரும்வரை சாப்பாடு வேண்டாமாம்.

“ஏங்க, பொத்தானை எதுக்குத் துவைக்கப் போட்டீங்க?” என்றாள் மனைவி, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில். மருத்துவமனையில் அவள் நர்ஸ்.

“நாறுச்சு. சாக்ஸ்னா துவைக்க வேண்டாமா?”

“ஐயோ, அவ காதுபட சாக்ஸுன்னு சொல்லாதீங்க!” என்று கிசுகிசுத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அப்பா லிப்ட் மெக்கானிக். லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கினாலும் பதறமாட்டார். பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பிக் கயிற்றோடும் சக்கரத்தோடும் வேலை. அங்கே பேச ஆளும் இல்லை, பேசிப் பழக்கமும் இல்லை. வீட்டுக்கு வந்தால் “சாப்ட்டியா?”, “தூங்கு”. அவருடைய மொத்தச் சொற்பொழிவும் அதோடு முடிந்தது.

“பாப்பா மனசுல இருக்கறதை வெளிய சொல்லவே மாட்டேங்கறா. வீட்ல ஒரு கைப்பொம்மை வச்சு விளையாட்டாப் பேசிப் பாருங்க” என்று போன மாதம் பள்ளிக்கூடத்து மிஸ்தான் சொல்லி அனுப்பியிருந்தார். திடீரென்று பொம்மைக்கு எங்கே போவது? அப்பா தன்னுடைய சாக்ஸிலேயே இரண்டு பொத்தான்களைக் கண்ணாகத் தைத்து, கையில் மாட்டி, கீச்சுக் குரலில், “நான்தான் பொத்தான்!” என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சறுக்குமரத்தில் ஏறப் பயப்படுவது, மஞ்சள் கிரேயானை யாரோ பிடுங்கிக்கொண்டது, அம்மா வேலைக்குப் போனால் தலையணையைக் கட்டிக்கொண்டு படுப்பது என்று எல்லாவற்றையும் பொத்தானிடம் கொட்டினாள். கேட்டவருக்கு நெஞ்சு உருகிப் போனது. ஆனால் சாக்ஸைக் கழற்றிவிட்டு, “அப்புறம் என்னாச்சு கண்ணு?” என்று சொந்தக் குரலில் கேட்டால் பேச்சு மூச்சில்லை.

தன் சாக்ஸைப் பார்த்துத் தானே பொறாமைப்படுகிற மனிதர் உலகத்தில் உண்டா என்றால், இவர் உண்டு. ஒரு தடவையாவது கையைப் பார்க்காமல் தன் முகத்தைப் பார்த்து மகள் மனசுவிட்டுப் பேசமாட்டாளா என்று ஏங்கினார்.

இப்போது சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஜோடி சாக்ஸை எடுத்து, அவசரமாகக் கண் தைத்து, “பொத்தான் குளிக்கிறான். நான் அவன் தங்கச்சி!” என்றார்.

மகள் சாப்பிட்டாள். ஆனால் பொத்தான் காய்ந்து வந்ததும் அவருடைய இரண்டு கையும் போயிற்று. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ள வேண்டும், சண்டை போட வேண்டும், பிறகு சமாதானமும் ஆக வேண்டும். தன் வலது கைக்கும் இடது கைக்கும் பஞ்சாயத்துப் பண்ணியே அவருக்குத் தொண்டை கட்டியது. மூக்கு அரித்தால் சொறிய ஆளில்லை.

அந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் கூப்பிட்டார். பொத்தானின் வாயால் போனைக் கவ்வி எடுத்த வேகத்தில், குரல் மாற்ற மறந்துவிட்டது.

“ஹலோ, சொல்லுங்க சார்!” என்று கீச்சிட்டார்.

“யாருப்பா அது? அப்பா இல்லையா?”

“நான்தான் சார்.”

“அப்பாவைக் கூப்பிடு கண்ணா. லிப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டிருக்காரு.”

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டியதுதான் என்று தீர்மானித்தார். மறுநாள் சாயங்காலம் வெறுங்கையோடு மகளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“பொத்தானுக்கு ஜலதோஷம். தங்கச்சிக்கும் ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேருக்கும் பேச்சே வரல. என்கிட்ட சொல்லேன்மா, இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?”

மகள் அவரை உற்றுப் பார்த்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். அவர் கழற்றிப் போட்டிருந்த வேலை ஷூவுக்குள் கைவிட்டு, கிரீஸ் வாடையோடு விறைத்திருந்த சாக்ஸை உருவிக்கொண்டு வந்தாள்.

“இதப் போட்டுக்கோப்பா.”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. என்ன நாற்றம் நாறினாலும் சாக்ஸ் வேண்டும், பெற்ற அப்பன் வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினார்.

மறுநாள் காலையில் மிஸ்ஸிடமே கேட்டுவிடலாம் என்று மகளோடு கிளம்பினார். வகுப்பு வாசலில் மகள் பையைத் திறந்து பொத்தானை எடுத்து, அவர் கையில் மாட்டி, முழங்கை வரை இழுத்துவிட்டாள்.

“மிஸ்கிட்ட பேசணும்ல” என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

கழற்றினால் அவள் மனசு நோகுமே! சாக்ஸ் மாட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மிஸ்ஸின் எதிரில் நின்றார்.

“மிஸ், பாப்பா இன்னும் மனசுவிட்டுப் பேச மாட்டேங்கறா.”

“யாரு, பாப்பாவா?” மிஸ் சிரித்துவிட்டார். “இப்பல்லாம் வாயே மூடறதில்ல சார்! பயமா இருந்தா பயம்னு சொல்றா, கோவம்னா கோவம்னு சொல்றா. அழற பசங்களைக் கூட அவதான் சமாதானப்படுத்தறா. வீட்ல நல்லாப் பழக்கியிருக்கீங்க.”

அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. ஆனால் ஊருக்கெல்லாம் பேசுகிறாள், தன்னிடம் மட்டும்தான் இல்லை. “வரேன் மிஸ்” என்று முனகிவிட்டுத் திரும்பினார்.

பின்னால் இரட்டைச் சடை போட்ட ஒரு வாண்டு, மகளின் வகுப்புத் தோழி, அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, மிகவும் இரக்கத்தோடு கேட்டது:

“‘எங்கப்பாவுக்கு ரொம்பக் கூச்சம், கையில சாக்ஸ் மாட்டிவிட்டாத்தான் பேச்சு வரும், நான்தான் தினமும் பேசிப் பேசிப் பழக்கறேன்’னு அவ சொன்னாளே, அது நீங்கதானா அங்கிள்?”