ஓசி உப்பு

"பையை உள்ள கொண்டு போகக் கூடாதுய்யா. அந்த அலமாரியில வச்சுட்டு டோக்கன் வாங்கிக்கங்க."

அர்த்தநாரி மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இது பை இல்லீங்க. சீர்."

காவலாளி பையைப் பார்த்தார். அது பை மாதிரிதான் இருந்தது.

"உள்ள வெத்தலை பாக்கு இருக்குது. மஞ்சக்கெழங்கு இருக்குது. உப்பு முடியற வெள்ளைத் துணி இருக்குது. இதையக் கொண்டுபோய் எப்புடீங்க செருப்பாட்ட அலமாரியில வைக்கறது?"

"செருப்பு வைக்க மாட்டோம்யா. பை மட்டுந்தான்."

காவலாளியின் சட்டையில் பவுல்ராஜ் என்று பெயர் குத்தியிருந்தது.

"உங்குளுக்கு எந்த ஊருங்க?"

"பள்ளிவாசல் எஸ்டேட்டுப் பக்கம்யா."

"அங்கயெல்லாம் கல்யாணத்துக்கு உப்பு வாங்க மாட்டாங்களா?"

"வாங்குவாங்கய்யா. கொழம்புக்கு."

அர்த்தநாரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நாச்சம்மாள் அங்கே இல்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்ததும் உள்ளே போய்விட்டிருந்தாள்.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் ஒரு கல்யாணம் வாயால் உறுதியாவதில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு கடைக்குப் போகவேண்டும். உப்பும் நாட்டுச் சர்க்கரையும் வாங்கவேண்டும். அங்கேயே கைமாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிவிட்டால் வாக்கு. அப்புறம் ஆகாயம் இடிந்து விழுந்தாலும் பந்தல் கால் நட்டாக வேண்டும்.

தம்பி பூபதிராஜாவின் மகள் கௌசிகாவுக்கு இன்று உப்பு மாற்ற வேண்டிய நாள். பெண்ணைப் பெற்றவன் உப்பைத் தொடக் கூடாது, குடும்பத்தில் மூத்தவர்தான் தொடவேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மூத்தவர் அர்த்தநாரி. அதுதான் வீட்டில் எல்லோருக்கும் கவலை.

அர்த்தநாரியிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அது வேறொரு வேலையாகத் திரும்பி வரும். காதுகுத்துக்குக் கிடா வாங்கப் போனவர் கன்றுக்குட்டியோடு வந்தார். கேட்டதற்கு, "அது என்னையவே பாத்துச்சு" என்றார். கௌசிகாவைப் பெண் பார்க்க வந்த அன்று அவரைப் பூ வாங்க அனுப்பினார்கள். பூ வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போயிருந்தார்கள்.

"அண்ணா, உப்பு, சர்க்கரை. ரெண்டே பொருளு" என்று காலையில் பூபதிராஜா கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். "மாத்திப்போட்டு அவங்களைச் சாப்பாட்டுக்குக் கூட்டியாந்தாப் போதும். ராகுகாலத்துக்கு முந்தி முடிச்சுருங்க."

இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று அர்த்தநாரி வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

அவர் மனத்தில் இருந்தது பிச்சைமணியின் மளிகைக்கடை. பாலக்காட்டு வலியங்காடியில் ஒரு சந்தில் இருக்கிறது. அவர் கல்யாணத்துக்கும் தம்பி கல்யாணத்துக்கும் உப்பு அங்கேதான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் சந்திரநகர்க்காரர்கள். "அந்தப் பெரிய கண்ணாடிக் கடைக்கே வந்துருங்க. ஏசி இருக்குது, கார் நிறுத்த எடம் இருக்குது" என்று போனில் சொல்லிவிட்டார்கள். மறுத்தால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களோ என்று அர்த்தநாரி சரி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. ஏசியில் உப்பு வாங்குகிறவர்கள் வீட்டில் கௌசிகா எப்படிப் பிழைப்பாள்?

பவுல்ராஜ் இரக்கப்பட்டார். பையின் வாயைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டி, உள்ளே கொண்டுபோக விட்டார்.

"எப்புடி அவுக்கறதுங்க?"

"அவுக்க முடியாதுய்யா. வெட்டத்தான் செய்யணும். வீட்டுல போய்."

வெற்றிலையும் மஞ்சளும் துணியும் உள்ளே சிறைப்பட்டன. அர்த்தநாரி வலது காலை எடுத்து வைத்தார்.

நாச்சம்மாள் உப்பு வரிசையில் நின்றிருந்தாள். சாமி சந்நிதியில் நிற்கும் முகம்.

"ஏனுங்க, எத்தனை உப்புங்க!"

ரோஸ் உப்பு இருந்தது. கறுப்பு உப்பு இருந்தது. பூண்டு போட்டது இருந்தது. ஒரு பொட்டலத்தில் உப்பின் அளவு குறைவு என்று பெருமையாக எழுதியிருந்தது.

"உப்புல உப்பு கம்மியா இருந்தா அப்பறம் அது எதுக்குங்க?" என்று அங்கே நின்ற பணிப்பெண் லிஜியிடம் அர்த்தநாரி கேட்டார்.

"பி.பி. உள்ளவங்களுக்காக்கும் அங்கிள்" என்றாள் லிஜி.

"இந்த ரோஸு?"

"அது ஹிமாலயத்துலேந்து வருது."

"அத்தனை தூரம் வந்தும் வெளுக்கலையே. கல்லுப்பு இல்லீங்களா அம்மிணி?"

லிஜி ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்தாள். உள்ளே கல்லுப்புதான். மூடியைத் திருகினால் பொடியாக விழும் என்றாள். அர்த்தநாரி திருகிப் பார்த்தார். விழுந்தது. தரையில்.

அவர் அப்படியே நின்றார்.

உப்பை மிதிக்கக் கூடாது. சாதாரண நாளிலேயே கூடாது. இது கௌசிகாவின் கல்யாண உப்பு. எதிரே தள்ளுவண்டியோடு ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார்.

"மிதிக்காதீங்க! மிதிக்காதீங்க!"

அர்த்தநாரி இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தார். பின்னாலிருந்து இன்னொரு வண்டி வந்தது. அதற்கும் ஒரு கையை நீட்டினார். அந்தக் கையில்தான் குப்பி இருந்தது. இன்னும் கொஞ்சம் கொட்டியது.

"எந்தா பிரஸ்னம்?" என்று கேட்டபடி துடைப்பத்தோடு ஒருவர் வந்தார்.

"கூட்டக் கூடாதுங்க! உப்பைக் கூட்டினா லட்சுமியக் கூட்டற மாதிரி!"

துடைப்பக்காரர் துடைப்பத்தை உயர்த்தியபடி நின்றார். வண்டிகள் நின்றன. லிஜி, தரை வழுக்கும் என்று எழுதிய மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து அர்த்தநாரியின் முன்னால் வைத்தாள். அவர் மண்டிபோட்டு, விரல் நுனியால் உப்பை ஒற்றி ஒற்றி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு குழந்தை அவரைப் பார்த்துக் கைதட்டியது.

அவர் எழுந்தபோது நாச்சம்மாள் காணாமல் போயிருந்தாள். தூரத்தில், சின்னக் குச்சியில் ஏதோ குத்தி ருசிபார்க்கக் கொடுக்கும் மேசையருகே வரிசையில் நின்றாள். முதல் முறை இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நாட்டுச் சர்க்கரையும் குப்பியில்தான் இருந்தது. மேலே ஒரு விவசாயியின் படம். சிரித்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரிக்குத் தெரிந்த எந்த விவசாயியும் அப்படிச் சிரித்ததில்லை. விரலில் தேய்த்துப் பார்க்க வழியில்லாமல், படத்தை நம்பி எடுத்துக்கொண்டார்.

பில் போடும் இடத்தில் இப்போது லிஜி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அங்கிளுக்கு பாக்யம். இந்தச் சர்க்கரை வாங்கினா உப்பு ஃப்ரீ."

அர்த்தநாரியின் முகம் செத்துப்போனது.

"ஓசியா?"

"ஓசி தன்னெ."

"ஓசி உப்புல பொண்ணைக் குடுத்தா நாளைக்கு ஊருல என்னங்க பேசுவாங்க? காசு வாங்கிக்குங்க அம்மிணி."

"மெஷின் வாங்காது அங்கிள்."

"அப்ப உப்புக்குத் தனி பில்லுப் போடுங்க."

லிஜி உப்புக்குத் தனியாக பில் போட்டாள். அர்த்தநாரிக்கு மூச்சு வந்தது. பிறகு சர்க்கரைக்கு பில் போட்டாள். இயந்திரம் கீச்சிட்டது.

"இதுக்கு ஒரு உப்பு ஃப்ரீ."

இப்போது ஒரு சர்க்கரைக்கு இரண்டு உப்பு. கைமாற்றும்போது உப்பு சர்க்கரையை மிஞ்சினால் இரண்டு வீட்டுக்கும் சண்டை வரும். கணக்கைச் சரிக்கட்ட ஓடிப்போய் இன்னொரு சர்க்கரை எடுத்து வந்தார். இயந்திரம் மறுபடி கீச்சிட்டது. சர்க்கரை சேரச் சேர உப்பும் சேர்ந்தது. பின்னால் வரிசை வளர்ந்தது.

டை கட்டிய மேலாளர் வந்தார். முழுக்க விசாரித்தார். புரிந்ததுபோலத் தலையாட்டினார்.

"சாருக்குக் கஷ்டம் ஆயிப்போயி. கடையோட வகையா ஒரு கிஃப்ட்" என்று இன்னொரு உப்பை எடுத்து வைத்தார்.

அர்த்தநாரி அத்தனை குப்பிகளையும் தள்ளுவண்டியில் போட்டு நாச்சம்மாளிடம் கொண்டுபோய் ஒப்படைத்தார்.

"புள்ள, இங்க நாலு உப்பு இருக்குது, ஒண்ணும் கல்யாணத்துக்கு ஆகாது. நானு பிச்சைமணி கடைக்குப் போய்ட்டு ஒரே ஓட்டமா வந்தர்றன்."

"சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்துட்டா?"

"பேச்சுக் குடுத்துட்டு இரு."

"என்னத்தைங்க பேசறது?"

"நீ எப்பவும் பேசறதைத்தான்."

ஆட்டோ அவரை வலியங்காடிச் சந்தில் இறக்கிவிட்டது.

பெருங்காயமும் சாக்கும் கலந்த வாசனை முகத்தில் அடித்ததும் அர்த்தநாரிக்குப் பாதி உயிர் வந்தது. கண்ணாடிக் கடையில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எதையும் தொட முடியாது. பிச்சைமணி கடையில் வெளிச்சம் போதாது, ஆனால் எந்த மூட்டையிலும் கையை விடலாம். அரிசி மூட்டையின் மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பையை யாரும் கேட்கவில்லை.

கடை முன்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பட்டுச்சேலை, வெள்ளை வேட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை. நடுவில் பெரிய மீசைக்காரர் ஒருவர் நாட்டுச் சர்க்கரையை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார்.

"ஈரம் பத்தலீங்களே பிச்சைமணி. அடி மூட்டைய அவுருங்க."

அர்த்தநாரி அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்படி அல்லவா சர்க்கரை வாங்க வேண்டும்!

மீசைக்காரர் திரும்பி மஞ்சள் பையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பொண்ணு ஊட்டுக்காரருங்களா?"

"ஆமாங்க. பொண்ணுக்குப் பெரியப்பன்."

"வாங்க சம்பந்தி, வாங்க! பெரியவர் ஒருத்தர் வருவாருன்னு சொன்னாங்க. உங்களைத்தான் பாத்துட்டு நிக்கறோம்."

அர்த்தநாரி பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்.

"நீங்க அந்தக் கண்ணாடிக் கடைக்கல்லீங்களா வர்றதா..."

"எங்க பசங்களுக்கு அங்கதான் போவோணும். நானு ஒரே வார்த்தைதானுங்க சொன்னன். உப்புன்னா மூட்டையில கையை உட்டு அள்ளோணும். குப்பிய உலுக்கி வாங்கறதுக்கு அது என்ன மருந்துங்களா?"

அர்த்தநாரியின் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரையா இத்தனை நாள் தப்பாக நினைத்தோம்? பெயர் கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. சம்பந்தியிடம் போய்ப் பெயர் கேட்பது மரியாதையா?

"நானும் அங்க போய்ட்டுத்தானுங்க வர்றன். உப்பை ஓசியாக் குடுக்கறாங்க."

"ஓசியா! கல்யாண உப்பையா!" மீசைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் நின்ற பெண்களும் போட்டுக்கொண்டார்கள்.

"பழமையெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க" என்றார் பிச்சைமணி. "ராகுகாலம் பொறக்கப் போவுது. பையை இப்புடிக் குடுங்க."

வெல்லம் வெட்டும் கத்தியால் பிளாஸ்டிக் பட்டையை ஒரே வெட்டு வெட்டினார். வெற்றிலை வெளியே வந்தது. துணி வெளியே வந்தது. அர்த்தநாரி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு உப்பை அள்ளினார். சில்லென்று இருந்தது. கண்ணாடிக் கடையின் ஏசியை விட நன்றாக இருந்தது. காசைக் கொடுத்தார். பிச்சைமணி முகத்தைச் சுளிக்காமல் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். அந்தச் சத்தம் அர்த்தநாரிக்கு மேளம் மாதிரி கேட்டது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சிந்திய உப்புக்கு நடுவிலிருந்து அதை எடுத்து, நாச்சம்மாள் பெயரைப் பார்த்து, அமர்த்தினார்.

இருவரும் கிழக்கே பார்த்து நின்றார்கள். உப்பு முடிச்சும் சர்க்கரை முடிச்சும் கை மாறின. திரும்பவும், மூன்றாவது முறையும் மாறின. மறுபடி போன் அதிர்ந்தது. மறுபடி அமர்த்தினார்.

"இனி உங்க பொண்ணு எங்க பொண்ணு" என்றார் மீசைக்காரர்.

"இனி ஆகாயமே இடிஞ்சாலும் மாத்தமில்லீங்க சம்பந்தி" என்றார் அர்த்தநாரி.

இருவரும் கட்டிக்கொண்டார்கள். பிச்சைமணி எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். பூனை எழுந்து, பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டது.

"கல்யாணத்துக்கு மளிகை பூராவும் இங்கயே எடுத்துப்போடலாமுங்க" என்றார் மீசைக்காரர்.

"என்ற வாயில இருந்ததைப் புடுங்கிட்டீங்க."

"பொண்ணு ஊட்டுல சாப்பாடு தயாருங்களா? வேன் நிக்குது. நீங்க முன்னால ஏறுங்க, வழி சொல்லோணுமல்ல."

பெண்கள் வேனில் ஏறினார்கள். அர்த்தநாரியை ஓட்டுநருக்குப் பக்கத்தில், சன்னல் ஓரம் உட்கார வைத்தார்கள். சர்க்கரை முடிச்சு மடியில் கனத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கொடுத்த வேலை கொடுத்தபடியே முடிந்திருக்கிறது. தம்பியின் முகத்தைப் பார்க்க அவருக்கு ஆவலாக இருந்தது.

போன் மூன்றாவது முறை அதிர்ந்தது. இந்த முறை எடுத்தார்.

"புள்ள, முடிஞ்சுது! உப்பு மாத்தியாச்சு! தங்கமான மனுசங்க. கெளம்பிட்டோம், நீ ஒரு ஆட்டோவப் புடிச்சு நேரா ஊட்டுக்கு வந்துரு."

மறுமுனையில் நாச்சம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஏனுங்க, சம்பந்தி ஊட்டுக்காரங்க பூராப் பேரும் இங்க என்ற பக்கத்துல உக்காந்து ஐஸ்கிரீம் தின்னுட்டு இருக்காங்க, நீங்க யாரு கூடங்க மாத்துனீங்க?"