உதவியாளரின் கடைவாய்ப் பல்

இடைவேளை விசில் ஊதியபோது அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் வழக்கம்போல் பக்கத்து நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்தார். நாற்காலி காலி. அசடு வழிய நிமிர்ந்தார்.

அங்கே உட்கார வேண்டிய உதவிப் பயிற்சியாளர், காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். வருஷக்கணக்காக, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் கிசுகிசுப்பார். இவர் அதையே மைதானம் அதிரக் கத்துவார். கோப்பைகள் வந்தன. பேட்டியெல்லாம் இவருக்கு.

"இன்னிக்குத் தோத்தா வேற வேலை பாத்துக்குங்க" என்று கிளப் தலைவர் வேறு, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

வேறு வழியில்லாமல் பயிற்சியாளர் சொந்த மூளையை உபயோகித்தார்.

"எல்லாரும் பின்னால வந்து கோலைக் காப்பாத்துங்கடா!"

"சார், நாமதான் ஒரு கோல் பின்னால இருக்கோம்..." என்று இழுத்தார் கேப்டன்.

"சொன்னதைச் செய்!"

செய்தார்கள். தடுக்க ஓடி வந்தவர்களில் ஒருவர் முழங்காலில் பட்டே பந்து சொந்த வலைக்குள் புகுந்தது.

பயிற்சியாளர் கைபேசியை எடுத்தார். உதவியாளரின் மனைவி பேசினார்.

"வாய் நிறையப் பஞ்சு வெச்சிருக்காருங்க. பேச முடியாது. ஆனா ஏதோ கேக்கணும்னு..."

"கேள்வியெல்லாம் அப்புறம்மா! லெஃப்ட்ல ஆடறவனையும் ரைட்ல ஆடறவனையும் இடம் மாத்தட்டுமா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க!"

"ம்ம்ம்ம்!" என்று பின்னணியில் ஒரு அலறல் கேட்டது.

"சரின்னுட்டார்!" என்று பயிற்சியாளர் துள்ளி எழுந்தார்.

இடம் மாறியவர்கள் பழக்கதோஷத்தில் பழைய இடத்துக்கே ஓடி, நடுவில் மண்டையோடு மண்டை மோதி விழுந்தார்கள். எதிரணிக்காரர் அவர்களை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய் மூன்றாவது கோலைப் போட்டார்.

ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். கிளப் தலைவர் எழுந்து படியிறங்கி வருவது தெரிந்தது. பயிற்சியாளர் மறுபடியும் எண்ணை அழுத்தினார்.

"அம்மா, நான் ஒத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் அவர் மூளைதான். என்ன செய்யணும்னு அவரையே சொல்லச் சொல்லுங்க. அப்படியே செய்யறேன்!"

மறுமுனையில் நீளமாக ஒரு முனகல். மனைவி அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு வந்தார்.

"அவர் முனகறது எனக்குத்தாங்க புரியும். நீங்க இப்போ என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்கன்னு முதல்ல கேக்கச் சொல்றாரு. அது தெரிஞ்சாத்தானே, எப்பவும் போல அதுக்கு நேர்மாறா சொல்ல முடியும்? மத்தபடி ஃபுட்பால்ல அவருக்கு என்னங்க தெரியும்!"