வாஷர் டெண்டரும் மாமனார் கட்டமும்

கும்மிடிப்பூண்டி,
14.9.2006

மதிப்பிற்குரிய மாமா தேசப்பன் அவர்களுக்கும் அத்தை அவர்களுக்கும் மருமகன் பரசுராமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லா மிஷினும் ஓடுகிறது, நானும் ஓடுகிறேன். அங்கே மாமாவின் சர்க்கரையும் அத்தையின் முழங்காலும் கட்டுக்குள் இருக்க வேண்டுகிறேன்.

மாமா, போன வியாழக்கிழமை உங்கள் ராணுவ டிப்போவில், பத்துப் பேர் பார்க்க, உங்களை யாரென்று தெரியாது என்று சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அத்தை பயந்திருப்பார். பிடிக்கவில்லை. விதி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது ராணுவத் தண்ணீர் கேனின் மூடிக்குள் போடும் ரப்பர் வாஷர். இத்தனை வருஷமாக எங்கள் முதலாளி மொஹசின் பாய் ஒரு வெள்ளைத்தாளில் விலை எழுதித் தபாலில் போடுவார், ஆர்டர் வரும், வாஷர் போகும். இப்போது கொள்முதல் விதியைப் புதுசாக்கிவிட்டார்கள். வாஷர் இரண்டு மில்லிமீட்டர் தடிமன், டெண்டர் அறுபத்து நாலு பக்கம். தொழில்நுட்ப விவரம் ஒரு கவரில், விலை இன்னொரு கவரில், இரண்டும் மூன்றாவது கவருக்குள், எல்லாவற்றுக்கும் அரக்கு முத்திரை. முதல் நாள் பாய் அரக்கைத் தன் வேட்டியில் ஊற்றிக்கொண்டார். இரண்டாம் நாள் ஆபீசில் டைப் அடிக்கிற செல்வி விலைக் கவருக்குள் விலையைப் போடாமலே முத்திரை வைத்துவிட்டாள். பிரித்தால் கவர் போச்சு. மூன்றாம் நாள், பக்கத்துக்குப் பக்கம் கம்பெனி சீல் குத்திக்கொண்டே வந்த நான், வாஷர் சாம்பிள் மேலும் குத்திவிட்டேன். சாம்பிள் மேல் எந்தக் குறியும் இருக்கக் கூடாதாம். பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “இன்னாபா பரசு, பீரங்கி விக்கிறவன் கூட இத்தினி பேஜாரு பட மாட்டான் போலகீதே” என்றார்.

இதெல்லாம் சமாளித்தோம் மாமா. சமாளிக்க முடியாதது படிவம் ஏழு. முதலாளி மட்டுமல்ல, தரம் பார்க்கிறவரும் அதை நிரப்பித் தர வேண்டும் என்பது புது விதி. எங்கள் கம்பெனியில் தரம் பார்ப்பது நான். அதில் முதலில் குடும்ப விவரம் கேட்கிறார்கள். மனைவி பெயர் என்று இருந்த இடத்தில் சந்திரகலா என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை, கை எழுதியது. வயது 26 என்று போட்டேன். பிறகு, இந்த மாதம் பிறந்தநாள் வருகிறதே என்று அடித்துவிட்டு 27 என்று திருத்தினேன். செல்வி வாங்கிப் பார்த்தாள். அந்த 27 மேல் விரலை வைத்தாள். “சார், அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாதுன்னு போட்டுகீது சார்” என்றாள். அதை மட்டும்தான் சொன்னாள். நல்ல பெண்.

படிவத்துக்கு வரிசை எண் உண்டு, ஜெராக்ஸ் எடுக்க முடியாது. வேறு வேண்டுமென்றால் டிப்போ கவுண்டரில் நேரில்தான் வாங்க வேண்டும். அதனால்தான் வியாழக்கிழமை லோக்கல் பிடித்து, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி வந்தேன். ரயிலில்தான் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். கட்டம் பன்னிரண்டு: கொள்முதல் செய்யும் டிப்போவில் உங்கள் நெருங்கிய உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா, உண்டு, இல்லை. நெருங்கிய உறவினர் யார் யார் என்று கீழே பட்டியல். ஆறாவதாக மனைவியின் தகப்பனார். உண்டு என்றால் விசாரணை முடியும்வரை டெண்டர் நிற்கும். மறைத்தால் குற்றம். அதைப் படித்த தலையோடு நான் கவுண்டரில் நிற்கும்போதுதான் இரண்டு கையிலும் டீ கிளாசோடு நீங்கள் வந்தீர்கள்.

“இன்னா மாப்ள, சொல்லாம கொள்ளாம வந்துகீறீங்க? நாஷ்டா ஆச்சா?”

கவுண்டர் கிளார்க் தலையைத் தூக்கி, “தெரிஞ்சவரா சார்?” என்றார்.

“இல்லீங்க, சார் வேற யாரையோ நெனச்சிகினு பேசறாரு” என்றேன். என் வாய்தான் சொன்னது.

நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். கவுண்டரில் கிடந்த படிவத்தையும் பார்த்தீர்கள். “ஆமா சார், கண்ணு சரியில்ல. எங்க மாப்ள இத்தினி ஒல்லி கெடையாது” என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டு, ஒரு கிளாசை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். நான் விதியைப் புரட்டினேன். விற்பவன் டிப்போ ஊழியருக்கு ஒன்றும் வாங்கித் தரக் கூடாது என்று இருக்கிறது. டிப்போ ஊழியர் விற்பவனுக்குத் தருவது பற்றி ஒன்றும் இல்லை. குடித்தேன்.

திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “பரசு, சொல்றேன்னு கோச்சிக்காத நைனா. தங்கச்சி இருந்தப்போ அவரு மாமனாரு. இப்போ அவங்களே இல்ல. இல்லைன்னு டிக் போட்டா பொய்யா சொல்லு? இருபத்திரண்டு பேரு இந்த ஆர்டர நம்பிகினு கீறாங்க.” அவர் கெட்ட மனிதர் இல்லை மாமா. கலாவுக்குக் காய்ச்சல் கண்ட அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வதும் சரி. கலா போய் ஏழு மாதம் பதினோரு நாள். மனைவி பெயர் என்ற இடத்தில் கோடு போட்டேன். கட்டம் பன்னிரண்டில் இல்லை என்று டிக் அடித்தேன். பேனா நன்றாகவே எழுதியது.

ஆகவே மாமா, டெண்டர் பிரித்து, ஆர்டர் வந்து, வாஷர் கடைசிப் பெட்டி போய்ச் சேரும்வரை, சுமார் எட்டு மாதம், நாம் உறவினர் இல்லை. போன் செய்ய வேண்டாம். அத்தை ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்ப வேண்டாம். தெருவில் பார்த்தால் நான் அந்தப் பக்கம் போய்விடுகிறேன். இந்தக் கடிதம் யார் கையிலாவது சிக்கினால் ஆபத்து, அதனால் மாமா என்று வரும் இடங்களில் எல்லாம் ஐயா என்றும், அத்தை என்று வரும் இடங்களில் அம்மையார் என்றும் மாற்றி வாசித்துவிட்டுக் கிழித்துப் போடவும்.

ஐயாவும் அம்மையாரும் வேளைக்கு மாத்திரை போட்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்களுக்கு எந்த உறவும் இல்லாத,
ப. பரசுராமன், டி.எம்.இ.,
தரக் கட்டுப்பாடு

பி.கு.: கவரில் போடுவதற்கு முன், ஐயா என்று மாற்றி நானே ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். யார் யாருக்கு எழுதிய கடிதம் என்று எனக்கே விளங்கவில்லை. எழுந்து போய்ப் படிவத்தை எடுத்து, கோட்டை அடித்துக் கலா பேரை எழுதினேன். இல்லை என்பதையும் அடித்து உண்டு என்று போட்டேன். உறவு முறை: மாமனார். அத்தை டிப்போவில் வேலை செய்யவில்லை, அவருக்குக் கட்டம் கிடையாது, ஆனாலும் விட்டுப்போகக் கூடாதே என்று அவரையும் ஓரத்தில் எழுதினேன். “சார், இதுவும் செல்லாது சார்” என்றாள் செல்வி. பாய் நின்றபடியே ஓரம்வரை படித்தார். “போய் வேற வாங்கினு வா. உண்டுன்னே எழுது. விசாரிக்கறவன் விசாரிக்கட்டும், நம்ம வாஷர் ஒழுகாது” என்றார். ஆகவே மேலே எழுதிய கடிதமும் செல்லாது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு டிப்போவுக்கு வருகிறேன். கவுண்டரில் கூட்டம் இருக்கும்போதே கூப்பிடுவேன் மாமா, நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டும்.